உடைந்த மூட்டை மறைக்காதீர்கள்: மின்சாரக் கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் மின்சாரக் கார் வைத்திருக்கும் தமிழன்பர்களே,

உங்களில் ஒருவருடைய காரின் முன்சக்கரம், வீட்டு வாசலில் வண்டியைத் திருப்புகையிலோ, நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவிலோ, திடீரென்று மடிந்துபோய், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது என்ற செய்தி காதில் விழும்போது, மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி யாருக்கேனும் அடிபட்டதா என்பதாக இராமல், எந்தக் குழியில் இறக்கினார், எந்த நடைபாதை விளிம்பில் மோதினார் என்பதாகவே இருந்துவருவதை வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். அதற்கு அடுத்தபடியாக எழும் சந்தேகம், அவர் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வேண்டியவராக இருப்பாரோ, பங்கு விலை வீழ்ந்தால் லாபம் அடைபவராக இருப்பாரோ என்பது. தம்முடைய சேமிப்பையெல்லாம் கொட்டி அந்தக் காரை வாங்கியவரும், நேற்றுவரை உங்களோடு சேர்ந்து அதன் பெருமையைப் பேசியவருமான ஒரு மனிதர், ஒரு பாகம் முறிந்த மாத்திரத்தில் உங்களுக்குச் சத்துருவாகிவிடுகிறார். இது அநியாயம் என்று சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

மின்சாரக் காரை ஆரம்பத்திலிருந்தே வெறுத்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மடிந்த சக்கரத்தின் படம் ஒன்று கிடைத்துவிட்டால், இந்த வகை வண்டியே மனிதன் ஏறத் தகாதது என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் இங்கே எழுதவில்லை. அவர்கள் பேச்சால் எந்த உண்மையும் வெளிப்படப் போவதில்லை. முறிந்த பாகம் அவர்கள் கையில் இல்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. ஆகையினால்தான் உங்களை நோக்கிப் பேசுகிறேன்.

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எழுந்த விவகாரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பென்சில்வேனியாவில் ஒருவர் வைத்திருந்த, 2013-இல் செய்யப்பட்ட டெஸ்லா மாடல் எஸ் கார் ஒன்றில், 70,000 மைலுக்கு மேல் ஓடிய பிறகு, முன் சஸ்பென்ஷனின் பால் ஜாயின்ட் பழுதடைந்தது. உத்தரவாதக் காலம் கடந்துவிட்டபடியால், சுமார் 3,100 டாலர் ஆகும் என்று மதிப்பிடப்பட்ட பழுதுச் செலவில் பாதியை நல்லெண்ணத்தின் பேரில் தானே ஏற்பதாகக் கம்பெனி சொல்லி, அதற்காக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கேட்டது. அந்த ஏற்பாட்டை வெளியே சொல்லலாகாது என்ற ஷரத்தும் அதில் அடங்கியிருந்தது. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதை அறிந்து ஆட்சேபித்தது; ஒரு வாகனத்தின் பாதுகாப்பைப் பற்றி அரசாங்கத்திடம் சொல்ல வாங்கியவருக்கு உள்ள உரிமையைத் தடுப்பதுபோல் பொருள்படும் எந்த வாசகமும் ஏற்கத்தக்கதன்று என்பது அதன் நிலை. கம்பெனியோ, அப்படித் தடுக்கும் எண்ணம் தனக்கு ஒருகாலும் இருந்ததில்லை என்றும், அந்தக் குறிப்பிட்ட காரில் வழக்கத்துக்கு மாறான துரு ஏறியிருந்தது என்றும், அதன் உரிமையாளர் நீண்ட மண்பாதையின் கோடியில் வசிப்பவர் என்றும் பதில் சொல்லிற்று. அதன் தலைவர் ஈலான் மஸ்க், சஸ்பென்ஷனைப் பற்றி நிர்வாகத்துக்கு வந்த 40 முறையீடுகளில் 37 போலியானவை, பொய்யான ஊரும் பொய்யான வண்டி எண்ணும் காட்டி எழுதப்பட்டவை என்று அறிவித்தார். அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே, பாதுகாப்புக் குறைபாடு இருப்பதற்கான சான்று தென்படவில்லை என்று நிர்வாகம் சொன்னது. ஒப்பந்த வாசகத்தைத் தெளிவுபடுத்தக் கம்பெனியும் இசைந்தது.

இந்த முடிவின் இரண்டு பாதிகளில் முதற்பாதியை மட்டுமே நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டீர்கள். சஸ்பென்ஷன் குற்றமற்றது என்று தீர்ந்துவிட்டதாகக் கொண்டாடினீர்கள். ஆனால் ஒரு கம்பெனி, தன் வண்டியின் முறிவைப் பற்றி வாங்கியவர் வாய் திறவாதிருக்கக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை அரசாங்கம் தலையிட்டுத் திருத்தவேண்டியிருந்தது என்ற இரண்டாம் பாதி, உங்கள் சம்பாஷணைகளில் எங்குமே எழுந்ததில்லை. முதற்பாதி ஒரு காலத்து ஒரு பாகத்தைப் பற்றியது. இரண்டாம் பாதியோ, இனி வரப்போகும் எல்லாக் கார்களின் எல்லாப் பாகங்களைப் பற்றிய உண்மையும் எந்த வழியாக நம்மை வந்தடையவேண்டும் என்பதைப் பற்றியது.

பால் ஜாயின்ட் என்பது புதிய சாதனமும் அன்று, மின்சாரத்துக்கே உரியதும் அன்று. நம்முடைய தோள்மூட்டைப் போலவே, ஓர் உருண்டைத் தலை ஒரு குழிவுக்குள் அமர்ந்து எத்திசையிலும் சுழலும்படி அமைந்தது அது. சக்கரத்தைத் தாங்கும் இரும்பையும் வண்டியின் உடலோடு சேர்ந்த கரத்தையும் இணைத்து, சக்கரம் மேலும் கீழும் எழுந்து தாழவும், ஸ்டியரிங் சொல்லும் பக்கம் திரும்பவும் இடங்கொடுப்பது. உள்ளே கிரீஸ், வெளியே அதைக் காக்கும் ஒரு ரப்பர் உறை. அந்த உறை கிழிந்தால் தண்ணீரும் மண்ணும், குளிர்காலத்தில் பென்சில்வேனியா, ஒஹாயோ, மிச்சிகன் முதலான வடமாநிலச் சாலைகளில் பனி உருகக் கொட்டும் உப்பும் உள்ளே புகுந்து, கிரீஸைக் கழுவி, உருக்கை அரிக்கின்றன. முதலில் மேடுபள்ளத்தில் கடகடவென்ற ஓசை. பிறகு டயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்தல். நேர்ப்பாதையிலும் வண்டி ஒருபுறம் நாடுதல். கடைசியில் உருண்டை குழிவை விட்டுப் பிரிகிறது, சக்கரம் மடிகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அந்தக் கணத்தில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

இதே மூட்டு பெட்ரோல் வண்டிகளில் எத்தனை முறை மோசம் செய்திருக்கிறது என்பதை மின்சாரக் காரைத் தூற்றுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2004-இன் இறுதியில் கிரைஸ்லர் குழுமம் டாட்ஜ் டுராங்கோ, டகோட்டா வண்டிகளில் ஏறத்தாழ ஆறு லட்சத்தை மேல் பால் ஜாயின்ட் காரணமாகத் திரும்ப அழைத்தது. நம்பகத்துக்குப் பேர்போன டொயோட்டாவே 2005-இல் டகோமா, டன்ட்ரா, செகோயா, ஃபோர்ரன்னர் வண்டிகளில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கீழ் பால் ஜாயின்ட் காரணமாகத் திரும்ப அழைத்தது. 2007-இல் மேலும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான டன்ட்ரா, செகோயா வண்டிகளை அதே காரணத்துக்காக அழைக்கவேண்டி வந்தது. அதனால் பெட்ரோல் கார் என்ற வகையே அபாயகரமானது என்று யாரும் வாதாடியதில்லை. ஆகவே, பால் ஜாயின்ட் முறிவதனால் மின்சாரக் கார் என்னும் வகை முழுவதும் பாதுகாப்பற்றதாகிவிடுமா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம் ஐயத்துக்கு இடமில்லாமல், ஆகாது என்பதே. மின்கலம் தரையோடு தரையாய்ப் படுத்திருப்பதால் கவிழும் அபாயம் குறைந்திருப்பதும், 2013-இல் அதே மாடல் எஸ் அரசாங்கத்தின் மோதல் பரிசோதனையில் எல்லாப் பிரிவுகளிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றதும் உண்மைகளே.

இதைக் கேட்டதும் நிம்மதி அடைந்து மடலை மடித்து வைத்துவிடாதீர்கள். டொயோட்டாவும் கிரைஸ்லரும் அந்த லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தன என்பதுதான் நான் கூறிய செய்தியின் ஜீவன். முறிந்தது என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள், சொன்னவை எண்ணப்பட்டன, எண்ணிக்கை பெருகிற்று, பாகம் மாற்றப்பட்டது. உங்கள் அபிமானமோ இந்தச் சங்கிலியின் முதற்கண்ணியையே அறுத்துவிடுகிறது.

மேலும், மின்சாரக் காரில் இந்த மூட்டைப் பற்றி நாம் அதிகமாகவே விசாரப்படுவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. அந்த நாளைய மாடல் எஸ் ஏறத்தாழ 2,100 கிலோ எடையுள்ளது. அதே காலத்து ஹோண்டா அக்கார்டு சுமார் 1,500 கிலோ. மின்கலம் ஒன்றே ஐந்நூறு கிலோவைத் தாண்டுகிறது. ஒவ்வொரு குழியிலும் அந்தப் பாரம் முழுவதையும் மூட்டுகள் ஏற்கின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதித்த க்ஷணத்தில் முழுவிசையும் பாய்கிறது. காலை எடுத்ததும் மோட்டாரே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது. இவற்றையெல்லாம் கணக்கிட்டே பொறியாளர்கள் பாகங்களை வடிவமைக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணக்கு சரிதானா என்பதைச் சாலைதான் பத்து ஆண்டுகள் கழித்துச் சொல்லும், அந்தச் சாலையின் சாட்சிகள் நீங்களே.

இன்னொன்று, யாரும் அதிகமாகப் பேசாதது. பெட்ரோல் காரை எண்ணெய் மாற்றுவதற்காகவேனும் ஆண்டுக்கு ஓரிரு முறை பட்டறையில் உயரத் தூக்குகிறார்கள். அப்போது கீழே நிற்கும் மெக்கானிக், கேளாமலே, கிழிந்த ரப்பர் உறையையும் ஆடும் மூட்டையும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். மின்சாரக் காருக்கு எண்ணெய் மாற்றும் அவசியம் இல்லை. அது பெரிய சௌகரியம், ஆனால் அந்தச் சௌகரியத்தோடு வண்டியின் அடிவயிற்றை மனிதக் கண் பார்க்கும் சந்தர்ப்பமும் போய்விட்டது. டயர் மாற்றும்போது தூக்குகிறார்களே என்பீர்கள். டயர் கடைக்காரர் பார்ப்பது பெரும்பாலும் டயரைத்தான். ஆக, மூன்று நான்கு குளிர்காலங்களின் உப்பைத் தின்றுவிட்டு, ஒருவராலும் பார்க்கப்படாமலேயே ஓடிக்கொண்டிருக்கும் கார்கள் உங்கள் வீடுகளில் நிற்கின்றன.

இனி, ஓட்டுநர் மேல் பழி போடும் வாதத்துக்கு வருகிறேன். 2020-இல் சீன அரசாங்கத்தின் சந்தை ஒழுங்குமுறை நிர்வாகம், இறக்குமதியான டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் சஸ்பென்ஷன் இணைப்புகளில், பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் உருண்டைத் தலைத் தண்டில் விரிசல் தோன்றிப் பின்னர் பிரிந்துபோகக்கூடும் என்று காட்டி, பல்லாயிரக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்படுவதை அறிவித்தது. அமெரிக்காவிலும் அவ்வாறு செய்ய அவசியமில்லை என்று வாதித்த கம்பெனி, முறிவுகளுக்கு ஓட்டுநரின் முரட்டுத்தனமே காரணம் என்று இங்குள்ள நிர்வாகத்துக்கு எழுதியது; சீனாவில் ஆயிரத்துக்கு ஒன்று, பிற இடங்களில் அதில் பாதிக்கும் குறைவு என்றே முறிவு நேர்வதாகக் கணக்கும் காட்டியது. அந்த ஆண்டு நவம்பரில், அமெரிக்க நிர்வாகம் ஏறத்தாழ 1,15,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் முன் இணைப்புத் தண்டைப் பற்றிப் பூர்வாங்க விசாரணை தொடங்கியபோது, அதன் கையில் இருந்த முறையீடுகள் 43. அவற்றில் 11, வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் நேர்ந்தவை. 2023 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், கம்பெனியின் உள் ஆவணங்களை ஆதாரமாகக் காட்டி, கம்பெனி தான் வெகுகாலமாகக் குறையுள்ளவை என்று அறிந்திருந்த பாகங்களின் முறிவுக்கே வாடிக்கையாளர்களைக் குற்றஞ்சாட்டி வந்தது என்று விரிவாக எழுதியது.

குழியில் விழுந்ததனால்தான் முறிந்தது என்றே வைத்துக்கொள்வோம். குழி இல்லாத சாலை டெட்ராய்ட்டில் எங்கே இருக்கிறது? பிட்ஸ்பர்கில் எங்கே இருக்கிறது? ஏப்ரல் மாதத்துச் சாலையில் அகப்படும் குழியையும், இருட்டில் உரசும் நடைபாதை விளிம்பையும் ஒரு மூட்டு தாங்கவேண்டும். தாங்க முடியாத அளவு அடி விழுந்தால், அங்கேயே அப்போதே வளைந்து தன் நிலையைக் காட்டவேண்டும். அடிபட்ட அன்று நன்றாயிருப்பதுபோல் தோன்றி, மூன்று மாதம் கழித்துக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் காலைவேளையில் பிரிந்துபோகும் பாகத்துக்கு, மூன்று மாதத்துக்கு முந்தைய குழியைச் சாட்சியாக அழைப்பது எந்த நியாயத்திலும் சேராது.

ஆயிரத்தில் ஒன்று அற்பம் என்கிறீர்கள். மற்ற மூட்டுகளுக்கு நேர்வதோடு ஒப்பிட்டால் அற்பமாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது? முறிவுகளைச் சொன்னவர்களிடமிருந்து. சொல்லாதவர்கள் பெருகப் பெருக எண் சிறுக்கும். எண் சிறுக்கச் சிறுக்க, சொல்கிறவர் பொய்யராகத் தோன்றுவார். அவர் படும் பாட்டைக் கண்ட அடுத்தவர் சொல்லத் துணியமாட்டார். 40-க்கு 37 போலி என்று மஸ்க் சொன்னது முற்றிலும் உண்மையென்றே ஒப்புக்கொண்டாலும், போலி முறையீட்டுக்கு மருந்து மௌனம் அன்று. சொந்தப் பெயரும், சொந்த ஊரும், வண்டியின் பதினேழு எழுத்தெண்கள் கொண்ட உண்மையான அடையாளமும் தாங்கிய மெய்யான முறையீடுகளே அதற்கு மருந்து.

இந்த நாட்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டமே ஒரு சஸ்பென்ஷனைப் பற்றிய புகாரிலிருந்து பிறந்தது என்பதை நீங்கள் மறந்துவிடலாகாது. 1965-இல் ரால்ப் நாடர் வெளியிட்ட புத்தகத்தின் முதல் அத்தியாயம், ஷெவ்ரலே கோர்வேர் காரின் பின் சஸ்பென்ஷனைப் பற்றியது. அதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் முதலில் காட்டிய பதில், அவர் பின்னால் துப்பறிகிறவர்களை ஏவியது. 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனட் துணைக்குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. செப்டம்பரில் சட்டம் கையெழுத்தாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1972-இல், அதே அரசாங்கம் பரிசோதித்துப் பார்த்து, கோர்வேர் தன் காலத்துப் பிற கார்களைவிட மோசமானதன்று என்று சொல்லிற்று. புகார் மிகைப்பட்டதாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அதை அடக்காமல், ஆராய்ந்து விடைகாணும் வழி ஒன்றை அமைத்ததனால் அடுத்த அரைநூற்றாண்டில் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. இதற்கு எதிரான திருஷ்டாந்தமும் உண்டு. அதே ஜெனரல் மோட்டார்ஸ், சாவி திருப்பும் இடத்தில் இருந்த ஒரு சிறிய சுவிட்சின் குறையை, தன் ஊழியர்களில் சிலர் பத்தாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தும், 2014 வரையில் வெளியே சொல்லவில்லை. 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. நஷ்டஈட்டு நிதியம் ஒப்புக்கொண்ட மரணங்கள் 124.

உங்கள் அபிமானத்தை நான் இழிவாக எண்ணவில்லை. புகையில்லாத வாகனம் வேண்டும், வருகிற சந்ததிக்கு இந்தப் பூமியைக் கொஞ்சம் குளிர்ச்சியாக விட்டுச் செல்லவேண்டும் என்ற ஆசையோடு, அதிக விலை கொடுத்து, ஆரம்பகால அசௌகரியங்களையெல்லாம் பொறுத்து, இந்தக் காரை நீங்கள் வாங்கினீர்கள். அந்த லட்சியத்தில் நானும் பங்குடையவன். அதனால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு நல்ல காரியத்துக்குச் சேர்ந்தவர்கள், அதன் குறையைச் சொன்னால் காரியமே கெட்டுவிடும் என்று அஞ்சி வாய்மூடும்போது, அந்தக் காரியத்தின் கௌரவத்தை ஒரு கம்பெனியின் லாபநஷ்டக் கணக்கோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். மின்சாரக் கார் ஒரு கம்பெனிக்குச் சொந்தமன்று. 2022 அக்டோபரில் மற்றொரு மின்சாரக் கார்க் கம்பெனியான ரிவியன், முன் சஸ்பென்ஷனின் மேல் கரத்தை இணைக்கும் ஒரு திருகு தளரக்கூடும் என்று கண்டு, தான் அதுவரை விற்ற வண்டிகளில் அநேகமாக எல்லாவற்றையுமே, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. அதனால் மின்சாரக் காரின் மானம் போய்விடவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மூட்டோ, இணைப்புத் தண்டோ, கன்ட்ரோல் ஆர்ம் எனப்படும் கரமோ முறிந்தால், கம்பெனியின் சர்வீஸ் மையத்தோடு விஷயத்தை முடித்துக்கொள்ளாமல், பாதுகாப்பு நிர்வாகத்துக்கும் முறையீடு அனுப்புங்கள். உங்கள் அந்தரங்க விவரங்களை நீக்கிவிட்டே அதை அவர்கள் வெளியிடுவார்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் முறிந்த வாயைத் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் துரு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கொண்டே முறிவு அன்றைக்கு நேர்ந்ததா, வெகுநாளாக வளர்ந்து வந்ததா என்பதை நிபுணர் சொல்லிவிடுவார். செலவில் பாதியைத் தருகிறோம் என்று நீட்டப்படும் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். அரசாங்கத்திடம் பேசும் உரிமையைக் குறைப்பதாகத் தோன்றும் வரி இருந்தால், அதை அடித்துத் தரும்படி கேளுங்கள். அந்தச் சலுகைக்காக விசா கவலையும் வீட்டுக் கடனும் உள்ள ஒரு குடும்பஸ்தர் கையெழுத்திட்டுவிடுவதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். முடிந்தவர்கள் முதலில் துணியட்டும்.

குளிர்காலம் முடிந்ததும், ஆண்டுக்கு ஒரு முறை, எந்தப் பட்டறையிலாவது வண்டியைத் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு ரப்பர் உறையையும் பார்க்கவும், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரக் காரில் எஞ்சின் இரைச்சல் இல்லாததனால், கடகட ஓசை உங்கள் காதுக்குச் சீக்கிரமே கேட்கும். அதைப் பாட்டை வைத்து மூடிவிடாதீர்கள். உங்கள் வண்டி எண்ணுக்கு நிலுவையிலுள்ள அழைப்பு ஏதேனும் உண்டா என்று நிர்வாகத்தின் தளத்தில் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மவர் கூடும் பொங்கல் விழாவிலோ, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளி வாசலிலோ, 'என் வண்டியின் சக்கரம் மடிந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால், எங்கே மோதினீர்கள் என்று கேட்கும் முன், முறையீடு எழுதிவிட்டீர்களா என்று கேளுங்கள். எழுதத் தெரியாதென்றால் பக்கத்தில் அமர்ந்து எழுதிக் கொடுங்கள். சென்ற ஆண்டோ அதற்கு முந்திய ஆண்டோ உங்கள் காரில் நேர்ந்து, பணம் கட்டிப் பழுதுபார்த்து, மறந்துபோன முறிவுக்கும் இன்று முறையீடு அனுப்பலாம். பழைய பில்லைத் தேடி எடுங்கள். பதினேழு எழுத்தெண்களையும் பார்த்து எழுதுங்கள். மைலையும் தேதியையும் வேகத்தையும் உள்ளபடி சொல்லுங்கள். இந்த வாரம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்களுள் ஒருவன்